யாரும் வாயைத் திறக்கக் கூடாது

இரட்டைக் கட்டில் விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. மடித்தே தீருவேன் என்று முயன்றவர்கள் உண்டு. விரிப்பின் ஒரு நுனி தரையைத் தொடும், தரையைத் தொட்ட துணி மறுபடியும் மெஷினுக்குள் போகும், சூப்பர்வைசரம்மாவின் வாயிலிருந்து அதற்குரிய அர்ச்சனையும் வந்து சேரும். அதனால் அந்தச் சலவைக்கூடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு. அக்காவுக்குத் தம்பி ஜோடி.

ஊரிலுள்ள பெரிய ஹோட்டல்களின் அழுக்கெல்லாம் அங்கேதான் வரும். டிரையரிலிருந்து விரிப்புகளைச் சுடச்சுட இழுத்து மேசைமேல் போடுவார்கள். அக்கா இரண்டு முனை, தம்பி இரண்டு முனை. அப்புறம் பாட்டு. மற்ற ஜோடிகள் கண்ணைப் பார்த்து மடிப்பார்கள், இவர்கள் பாட்டைக் கேட்டு மடிப்பார்கள்.

'ஏழாம் மாடி' என்கிற ராக் குழுவின் பாட்டு அது. படி உடைஞ்சா என்ன, லிஃப்ட் நின்னா என்ன என்று அடித்தொண்டையில் தொடங்கி, ஒரு நொடி மூச்சை நிறுத்தி, "மேலே..." என்று கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறும். அந்த "மேலே"யில் இருவரும் கையை உயர்த்துவார்கள். விரிப்பு வயிறு புடைத்து எழும்பும், சுருக்கமெல்லாம் தானே விழும். அது இறங்குவதற்குள் இருவரும் நாலடி முன்னால் வந்து முனையோடு முனை சேர்த்துவிடுவார்கள். பாடுவது அக்கா. அவளுக்கு நல்ல குரல் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போலிருக்கும். ஆனால் குரல் எப்படியோ, நேரம் தப்பாது.

இந்த நாட்டுக்கு முதலில் வந்தவள் அவள். வந்து, காலூன்றி, தம்பியையும் இழுத்துவிட்டாள். இருவரும் ஒரே அறையில்தான் இருந்தார்கள், நடுவில் ஒரு திரை. சின்ன வயதில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு 'ஏழாம் மாடி' கேட்டவர்கள். பாடகரை அவளும் அண்ணன் என்பாள், இவனும் அண்ணன் என்பான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பிக்கு இன்னொரு குடும்பம் இருந்தது. 'ஏழாம் மாடி' ரசிகர்கள் நாலைந்து பேர் காபிக் கடையில் கூடுவார்கள். தலைவர், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். எந்தப் பாட்டு வந்தாலும் தீர்ப்புச் சொல்வதால் ஜட்ஜ் என்று பெயர். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு மாத்திரை என்று பெயர். லாரி ஓட்டுகிறவன் மொட்டை. அவனுக்குத் தலை நிறைய முடி, பெயர் வந்த கதையை அவனே மறந்துவிட்டான்.

தம்பிக்கு அங்கே பெயர் மேனேஜர்.

முதல் நாள், "எங்கே வேலை?" என்று கேட்டார்கள். "ஹோட்டல்ல" என்றான். அது வரைக்கும் பாதி உண்மை. "ஹோட்டல்ல என்னவா?" என்று மாத்திரை கேட்டாள். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு துணி மடிக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "நிர்வாகம்" என்றான். அன்றிலிருந்து ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய். அக்கா இஸ்திரி போட்டுக் கொடுக்கும் சட்டை மட்டும் அந்தப் பொய்க்குப் பொருத்தமாக இருந்தது.

அண்ணன் இந்த ஊருக்கு வருகிறார் என்ற செய்தி வந்த ஞாயிறு, காபி ஆறிப்போகும்வரை சண்டை.

"தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் ஆளு காலிடா" என்றார் ஜட்ஜ். "எந்த ஊர்லயும் 'மேலே' பாடல. அந்த இடம் வந்ததும் மைக்கை ஜனங்ககிட்ட நீட்டிடறாரு. ஜனங்க பாடறாங்க, இவரு கண்ணை மூடிட்டு நிக்கறாரு. அவரு பாட்டை நாம பாடறதுக்கு அவரு எதுக்கு?"

"தையல் போட்ட தொண்டை" என்றாள் மாத்திரை. "உனக்குப் போட்டிருந்தா நீ வாயே திறந்திருக்க மாட்டே. ஊருக்கும் நல்லதா போயிருக்கும்."

மொட்டை சிரித்து, காபியைக் கொட்டிக்கொண்டான். ஜட்ஜ் சிரிக்கவில்லை. அவர் முகம் சுண்டியதைத் தம்பி கவனித்தான். அவர் மனது கோணினால் அந்த மேசையில் நாற்காலி நிலைக்காது. போன வருஷம் ஒருவனை அப்படித்தான் கழற்றிவிட்டார்கள்.

"அப்போ ஒண்ணு பண்ணலாமா?" என்றான் தம்பி. "அவரு மைக்கை நீட்டும்போது ஒருத்தரும் பாடக் கூடாது. கப்சிப். என்ன பண்றாருன்னு பாப்போம்."

ஜட்ஜ் மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "மேனேஜர்டா! மூளைடா!"

"பாவம்டா, வேணாம்" என்றாள் மாத்திரை. யார் காதிலும் விழவில்லை. சாயங்காலத்துக்குள் அந்த ஊரிலுள்ள ரசிகர் குழுக்கள் அத்தனையிலும் செய்தி பறந்தது: மேலே வரும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

அக்கா எந்தக் குழுவிலும் இல்லை. அவளுக்குச் செய்தி போகவில்லை.

நிகழ்ச்சி ஒரு திறந்த மைதானத்தில். அக்கா ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, இருப்பதிலேயே நல்ல ஊதாச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். வாசலில் தம்பியின் கையைப் பிடித்தாள்.

"குட்டி, நாம எங்கே நிக்கறோம்?"

"எனக்கு ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்கக்கா. நடுவுல நிப்போம். நீ முன்னாடி போயிடு, மேடைகிட்ட. நல்லாத் தெரியும்."

"உன் ஃப்ரெண்ட்ஸைக் காட்ட மாட்டியா?"

"அப்புறம் பாத்துக்கலாம். போ, இடம் போயிடும்."

சொல்லியிருக்கலாம். 'மேலே' வரும்போது சும்மா இரு என்று ஒரு வார்த்தை. ஆனால் ஏன் என்று கேட்பாள், யார் சொன்னது என்று கேட்பாள். எல்லாரும் சும்மா இருந்தால் அவளும் இருந்துவிட்டுப் போகிறாள் என்று விட்டுவிட்டான். அவள் முண்டியடித்து முன்னால் போவதை, ஊதாச் சட்டை மறையும்வரை பார்த்தான். பெரிய நிம்மதியாக இருந்தது.

அண்ணன் மேடைக்கு வந்தபோது மைதானம் அதிர்ந்தது. கிட்டார் அபாரம், டிரம்ஸ் நெஞ்சுக்குள்ளேயே அடித்தது. குரல்தான் சைக்கிள் டயரில் காற்றிறங்குவது போல ஒவ்வொரு பாட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "பாத்தியா, பாத்தியா" என்று ஜட்ஜ் முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தார். மொட்டை அதையெல்லாம் கவனிக்காமல் குதித்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் அந்தப் பாட்டு வந்தது. படி உடைஞ்சா என்ன. லிஃப்ட் நின்னா என்ன. வாத்தியங்கள் நின்றன. அண்ணன் சிரித்துக்கொண்டே மைக்கை ஜனங்களை நோக்கி நீட்டினார்.

ஒருவரும் பாடவில்லை.

விஷயம் தெரிந்தவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். தெரியாதவர்கள், பக்கத்தில் இருப்பவன் பாடட்டும் என்று பார்த்து, அவனும் பாடாததால் எச்சிலை விழுங்கிக்கொண்டார்கள். அண்ணனின் சிரிப்பு முகத்திலேயே நின்றது, கழற்றி வைக்க மறந்த மாலை போல. பெரிய திரையில் அவர் தொண்டைத் தழும்பு ஏறி இறங்கியது.

"செத்தான்" என்றார் ஜட்ஜ், சந்தோஷமாக.

அப்போது மேடைக்குக் கீழேயிருந்து ஒற்றைக் குரல் எழும்பியது. தகர டப்பாவும் கூழாங்கல்லும்.

"மேலே..."

தம்பியின் கைகள் தாமாகவே தோள்வரை எழுந்துவிட்டன. இழுத்துக் கால்சட்டைப் பைக்குள் திணித்தான்.

கேமரா அவளைத் தேடிப் பிடித்தது. பெரிய திரையில், மாடி உயரத்துக்கு அக்கா. கண் மூடியிருந்தது. இரண்டு கையும் தலைக்கு மேலே, விரல்கள் எதையோ பிடித்திருப்பது போல மடங்கியிருந்தன.

அண்ணனுக்கு மூச்சு வந்தது. மைக்கைத் தன் வாய்க்கு இழுத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"யாரும்மா அது? தொண்டை ஆபரேஷன் எனக்கா உனக்கா?"

மைதானமே வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவருடைய தோள் தளர்ந்தது, உயிர் திரும்பியது. "அப்பாடா, என்னைவிட மோசமா பாடற ஆளு ஒருத்தர் கெடைச்சிட்டாங்க! இன்னொரு தடவை, தாயே, இன்னொரு தடவை!" மைக்கை அவளிடம் நீட்டினார். அக்கா பாடினாள். கையும் எழுந்தது. சிரிப்பும் எழுந்தது.

"கையைப் பாருடா, கொடியில துணி காயப் போடற மாதிரி!" என்றார் ஜட்ஜ்.

தம்பி சிரித்தான். பக்கத்திலிருந்தவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

வெளியே பஸ் நிறுத்தத்தில், வெயில் இன்னும் மிச்சமிருக்கும்போதே தீர்ப்பு தொடங்கியது.

"நாம வச்ச பொறியில அண்ணன் மாட்டல, வேற எலி மாட்டுச்சு" என்றார் ஜட்ஜ். "ஆனா தீர்ப்பு தீர்ப்புதான். ஆளு முடிஞ்சாச்சு."

"போய்யா. நான் பாத்த ஷோவிலேயே இதான் டாப்பு" என்றான் மொட்டை. "அந்தம்மா சீன் ஒண்ணு போதும்."

மாத்திரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். "அவமானத்துலேர்ந்து காப்பாத்தினவளையே கடிச்சுட்டான். எனக்கு இனிமே அந்தாளு பாட்டே வேணாம்."

"குட்டி!"

அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் வெளிச்சம். "குட்டி, பாத்தியா? அண்ணன் என்கிட்ட பேசினாரு! எனக்கு மைக் குடுத்தாரு! பாத்தியா இல்லியா?"

"அட, ஸ்டாரே வந்துட்டாங்க!" என்று ஜட்ஜ் கையைத் தட்டினார். பிறகு தம்பியைப் பார்த்தார். "மேனேஜர், உனக்கு இவங்களைத் தெரியுமா?"

ஒரு பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போனது.

"நம்ம ஹோட்டலுக்குத் துணி துவைக்கிற அம்மா" என்றான் தம்பி.

அக்காவுக்கு அவனைவிட ஏழு வயதுதான் கூட.

"குட்டின்னு கூப்பிட்டாங்களே?" என்றான் மொட்டை.

"எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

அக்கா ஜட்ஜைப் பார்த்தாள். மாத்திரையைப் பார்த்தாள். கடைசியாகத் தம்பியின் சட்டையை, காலையில் தான் போட்ட இஸ்திரி மடிப்பைப் பார்த்தாள். முகத்திலிருந்த வெளிச்சம் ஒரேயடியாக அணையவில்லை, ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு போவது போலப் போனது.

"ஆமாங்க" என்றாள். "வாய்க் கொழுப்பு. எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவேன். மேனேஜர் சார் தப்பா எடுத்துக்க மாட்டாரு."

"சூப்பர்!" ஜட்ஜ் செல்போனை எடுத்துவிட்டார். "எங்களுக்காக ஒரே ஒரு தடவை. அந்தக் கையோட."

"விடுங்க, அவங்க போகட்டும்" என்றாள் மாத்திரை.

அக்கா தம்பியைப் பார்த்தாள். இந்தத் தடவை நேராகக் கண்ணை. ஒரு வார்த்தை போதும், அவன் சொல்வான் என்று காத்திருந்தாள். ஜட்ஜும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாடுங்களேன்ம்மா" என்றான் தம்பி. "ஆசையாக் கேக்கறாங்க இல்ல?"

அக்கா பாடினாள். நடுத்தெருவில், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அத்தனை பேர் முன்னாலும், இரண்டு கையையும் தூக்கி, "மேலே" என்றாள். பாடி முடித்துக் கையை இறக்கி, "வரேங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தாள். பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை.

காலையில் தம்பி எழுந்தபோது திரைக்கு அந்தப் பக்கம் படுக்கை காலியாக இருந்தது. நாற்காலியில் அவன் சட்டை கசங்கியபடியே கிடந்தது.

சலவைக்கூடத்தில் அவள் வழக்கமான இடத்தில் நின்றிருந்தாள். அவனுக்குப் பெரிய ஆறுதல். ஓடிப்போய் எதிரே நின்று இரண்டு முனையைப் பிடித்தான். அவள் இரண்டு முனையைப் பிடித்தாள். பாட்டு இல்லை. எப்போது தூக்குவது என்று தெரியாமல் அவன் முந்தினான், அவள் தங்கினாள். விரிப்பு கோணலாகச் சரிந்து தரையைத் தொட்டது. அடுத்ததும் தொட்டது. அதற்கடுத்ததும்.

"என்னாச்சு உங்க ரேடியோவுக்கு?" என்று கத்தினாள் சூப்பர்வைசரம்மா.

"அக்கா, பாடுக்கா" என்றான் தம்பி, உதடு அசையாமல். "ப்ளீஸ்க்கா."

அவள் அவனைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டு முனையைப் பிடித்து நின்றாள். பாடுவாள் பாடுவாள் என்று அவனும் கையை நீட்டிக்கொண்டே நின்றான்.

பக்கத்து மேசையில் துண்டு அடுக்கிக்கொண்டிருந்தவள் செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். "ஏய், இங்க பாருங்க, நம்மாளு ஊரெல்லாம் ஓடுது!" பஸ் நிறுத்தத்து வீடியோ. எல்லோரும் குனிந்தார்கள். முதலில் வந்தது ஓர் ஆணின் குரல். பாடுங்களேன்ம்மா. ஆசையாக் கேக்கறாங்க இல்ல? அப்புறம் தகர டப்பாவும் கூழாங்கல்லும்: "மேலே..."

தம்பியின் கைகள் எழுந்தன. அக்கா தன்னுடைய இரண்டு முனைகளையும் விட்டுவிட்டாள். விரிப்பு அவன் தலைமேல் விழுந்தது.

அவன் அதை இழுத்து விலக்கி வெளியே வந்தபோது அக்கா சூப்பர்வைசரம்மாவின் முன்னால் நின்றிருந்தாள்.

"எனக்கு வேற ஜோடி போடுங்க."

"ஏன்டி? அந்தப் போன்ல வந்தது உன் தம்பி குரல்தானே? ரெண்டு பேரும் சண்டையா?"

"தம்பி எல்லாம் இல்லீங்க" என்றாள் அக்கா. "நான் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவேன்."