ராகுகாலத்தில் ஆறிய என்ஜின்

அன்று காலை இராஜேஸ்வரிக்கு முதற்கோபம் வந்தது காரைப் பார்த்தல்ல, காரின் மேல் கிடந்த பனியைப் பார்த்து. கூரையில் நாலு விரற்கடை உயரத்துக்குப் பனி. பின் டிக்கியிலும் அப்படியே. என்ஜினை மூடிய முன் பொனற்றில் மட்டும் ஒரு பொட்டுப் பனி இல்லை. கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி ஈரமாக மினுங்கியது. கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு.

“காலமை பால் வாங்கக் கடைக்குப் போட்டு வந்தனான், தங்கச்சி,” என்றார் காரை விற்கிற அன்புராசா, யாரும் கேட்காமலே.

இராஜேஸ்வரி காருக்குப் பின்னால் பார்த்தாள். சில்லிலிருந்து தெருவரைக்கும் இரவு பெய்த பனி குலையாமல் கிடந்தது. அவளுடைய சப்பாத்து அடியும் கணவர் நவரட்ணத்தின் சப்பாத்து அடியும் மட்டுந்தான் அதில் பதிந்திருந்தன. பால் வாங்கப் போன கார் பறந்து போய்ப் பறந்து வந்ததாக்கும்!

அவள் நவரட்ணத்தைப் பார்த்தாள். அவர் தன் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் ஹயர் கார் ஓடிய மனிதர். பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயை ஊற்றியே காரை உருட்டியவர். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் கார்களைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, “நவரட்ணண்ணை, ஒருக்கா காது குடுத்துச் சொல்லுங்கோ” என்பார்கள். அவரும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு இன்னது பிழை என்று சொல்வார், சொன்னது தப்பாது. அப்பேர்ப்பட்டவருக்கு இன்றைக்கு வாயில் கொழுக்கட்டை.

இந்தக் கார் அவளுக்குச் சும்மா ஊர் சுற்ற அல்ல. மொன்றியலில் இருக்கிற தங்கை தவமலருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறாள். புருசன்காரன் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு பிள்ளைகள், மூத்தவளுக்கு ஒன்பது வயது. ஒவ்வொரு வெள்ளியும் இராஜேஸ்வரி விட்பியில் பண்டகசாலை வேலை முடிந்ததும் ஓடுகிறாள். மேற்கே ஒன்றரை மணித்தியாலம் பயணம் செய்து ரொறன்ரோ நகரத்துக்குள் போய் மொன்றியல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்தப் பஸ் திரும்பவும் கிழக்கே வந்து, அவள் வேலை செய்கிற பண்டகசாலையின் கூரை தெரிகிற தூரத்தில் 401 நெடுஞ்சாலையால் போகும். ஒவ்வொரு வெள்ளியும் யன்னலால் அந்தக் கூரையைப் பார்த்து அவள் பல்லைக் கடிப்பாள். போய்ச் சேர்ந்தால் கிழமை முழுதுக்கும் சமைத்துக் கட்டி ஃபிரிஜ்ஜுக்குள் வைத்து, பிள்ளைகளின் தலையைக் கழுவிவிட்டு, தங்கையோடு ஆறுதலாகப் பேச ஒரு மணித்தியாலம் மிஞ்சினால் பெரிது.

அதற்காகத்தான் டீசல் கார். ஒருமுறை டாங்கியை நிரப்பினால் மொன்றியலுக்குப் போய்த் திரும்பி வரலாம், இடையில் எங்கும் நிறுத்தத் தேவையில்லை. பின் சீற்றும் நீளமாக இருக்க வேண்டும், தவமலரைக் கூட்டிவந்தால் அவள் படுத்து வர வேண்டும். சனி ஞாயிறு மத்தியானத்திலிருந்து நவரட்ணத்துக்கு ரெஸ்ரோரன்ற் வேலை என்பதால் காரை ஓடப்போவது இராஜேஸ்வரிதான். நாலு மாதமாக விசாரித்தவளும் அவள்தான். ஆனால் கார் என்றதும் அது ஆம்பிளைகள் விசயமாகிவிட்டது. நவரட்ணத்தின் பெரியம்மா மகன் அன்புராசா ஒரு பிறந்தநாள் வீட்டில் வைத்து, “உங்களுக்கு ஏன் வெளியாக்கள்? என்ர டீசலைத் தாறன்,” என்றார். நவரட்ணம் தலையாட்டினார். அவ்வளவுதான், பேசி முடிந்தது. இந்தக் கிழமை மொன்றியலுக்குப் போகாமல் நின்றதே இந்தக் காரை எடுக்கத்தான்.

வேலையில் கூட நிற்கிற பேர்ணடெற், மன்னார்க்காரி, அவளிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள். பேர்ணடெற்றின் புருசன் ட்ரக் ஓடுகிறவர். “டீசல் வாகனம் பாக்கப் போனா விறைச்ச என்ஜினை உன்ர கண்ணுக்கு முன்னால ஸ்ரார்ட் பண்ணச் சொல்லு. சூடா இருந்தா எந்தக் கிழட்டு என்ஜினும் பாட்டுப் பாடும். போகேக்கையே சூடாக்கி வச்சிருந்தா, சப்பாத்தைக் கழட்டாமலே திரும்பி வா.”

திரும்பிப் போகலாந்தான். போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். “அண்ணை அப்பிடிச் செய்ய மாட்டார்” என்பார் நவரட்ணம். “கார் பாக்க வந்து சண்டை பிடிச்சவள்” என்று அவர்கள் இருக்கிற வோபர்ன் பகுதி முழுக்கக் கதை போகும். அன்புராசா திறப்பைத் திருகிக் காட்டினார். கார் உடனே பிடித்து நல்ல பிள்ளை மாதிரி இரைந்தது.

“பாத்தியளோ? சும்மா கல்லு மாதிரி. வாங்கோ உள்ளை, ஒன்பதுக்கு ராகுகாலம் துவங்குது, அதுக்கு முன்னம் கைமாத்திடுவம்,” என்று அவசரப்படுத்தினார். அதற்காகவே எட்டரைக்கு வரச் சொன்னவர். வீட்டுக்குள் தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், அதன் மேல் காரின் கடதாசிகள் எல்லாம் ஆயத்தமாக இருந்தன. காரை நிற்பாட்டிவிட்டு வந்து திறப்பையும் தட்டத்தில் வைத்தார். சுவரில் தமிழ்க்கடைக் கலண்டர். சனிக்கிழமை, ராகுகாலம் ஒன்பது தொடக்கம் பத்தரை.

கலண்டரைப் பார்த்ததும் இராஜேஸ்வரிக்குப் புத்தி வேலை செய்தது.

“அண்ணை, ஒருக்கா பாத்ரூமுக்குப் போட்டு வாறன்,” என்றாள்.

உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு, குளிக்கும் தொட்டியின் விளிம்பில் கோட்டோடு குந்தியிருந்து மணிக்கூட்டைப் பார்த்தாள். எட்டு ஐம்பது. எட்டு ஐம்பத்தைந்து. வெளியே அன்புராசா நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு நவரட்ணம் கதவைத் தட்டினார்.

“இஞ்சரும், நேரம் போகுது.”

“வயித்துக்குள்ள சரியில்லை. பொறுங்கோ.”

ஒன்பது மூன்றுக்குத் தண்ணீரை இழுத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். கலண்டரைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள்.

“ஐயோ அண்ணை, ராகுகாலம் துவங்கிற்றுதே!”

“மூண்டு நிமிசம்தானே, அது ஒண்டும் செய்யாது,” என்றார் அன்புராசா.

குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவி பாய்ந்து வந்தாள். கள்ளங்கபடம் இல்லாத மனுசி, விரதம் ஒன்றும் விடாதவள். “என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? நெடுந்தூரம் ஓடப்போற கார். ராகுகாலத்திலையோ குடுக்கிறது? இந்த வீட்டுத் திறப்பை வாங்கேக்கை நீங்கள்தானே வக்கீலை ஒண்டரை மணித்தியாலம் காக்க வச்சனியள்! இருங்கோ எல்லாரும். தேத்தண்ணி போடுறன்.”

எல்லாரும் இருந்தார்கள். வெளியே சைபருக்குக் கீழே இருபத்தொன்று. இராஜேஸ்வரி தேத்தண்ணியைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தாள். வாழ்க்கையில் முதற்தடவையாக ராகுகாலத்தை நினைத்து அவளுக்கு மனம் குளிர்ந்தது. காருக்கும் குளிரட்டும்.

ஒன்பதரைக்கு அன்புராசா எழும்பினார். “காரை ஒருக்கா ஸ்ரார்ட் பண்ணி விடுறன். ஏறேக்கை உள்ளுக்குச் சூடா இருக்கும்.”

“ராகுகாலத்திலை திறப்பைத் தொடலாமோ, அண்ணை?” என்று இராஜேஸ்வரி பால் மணம் மாறாத முகத்தோடு கேட்டாள்.

“அதுதானே!” என்று அவருடைய மனைவி தட்டத்தைத் திறப்போடு தூக்கிக்கொண்டு போய்ச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். அன்புராசா திரும்ப இருந்தார். நவரட்ணம் பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் நனைத்து நனைத்து, தலையை நிமிர்த்தாமல் தின்றார்.

பத்து முப்பத்தைந்துக்கு எல்லாரும் வெளியே வந்தார்கள். இராஜேஸ்வரி பொனற்றில் கையை வைத்தாள். ஐஸ். “இப்ப ஒருக்கா எடுங்கோ, அண்ணை.”

அன்புராசா திறப்பைத் திருகினார். கார் நோயாளி இருமுவது போல இருமியது. இரண்டாம் முறை பின்னால் வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பி, முழு வாசலையும் மூடியது. என்ஜின் உடம்பைக் குலுக்கிக் குலுக்கி இரண்டு நிமிடம் கிடந்து உழைத்துவிட்டு நின்றது. பிறகு எத்தனை முறை திருகியும் அசையவில்லை.

“பற்றறி,” என்றார் அன்புராசா. “இண்டைக்குக் குளிரும் கூட.”

“மொன்றியலிலை இதைவிடக் கூட, அண்ணை. ரெண்டு இரவு தெருவிலைதான் நிக்கும்.”

“தங்கச்சி, எங்கட ஆக்கள் எண்டபடியாத்தான் நான் உங்களுக்கு...”

அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்தது அந்த இடத்தில் வெடித்தது. “எங்கட ஆக்கள் எண்டபடியாத்தான் இதை எங்கட தலையிலை கட்டப் பாத்தனீங்கள்! வெள்ளைக்காரன் எண்டா மெக்கானிக்கோட வந்திருப்பான். நாங்கள் வெத்திலையோட வருவம் எண்டு உங்களுக்குத் தெரியும். பால் வாங்கப் போனனீங்களோ? எங்கை, சில்லுப் போன அடையாளத்தைக் காட்டுங்கோ பாப்பம்!”

அன்புராசாவின் முகம் கறுத்தது. “கனடாவுக்கு வந்து மூண்டு மாசம் என்ர பேஸ்மென்றிலை இருந்து சாப்பிட்டதை மறந்து கதைக்கிறீர்.”

“மறக்கேல்லை. ஆறு வரியமா உங்கட வீட்டுக் கொண்டாட்டம் எல்லாத்துக்கும் வந்து சட்டி கழுவுறன். அதுக்காக நான் ரோட்டிலை விறைச்சுச் சாகேலாது.”

அவருடைய மனைவி வாசலில் நின்று, சாமிப் படத்தடியிலிருந்து தான் எடுத்துக் கொடுத்த திறப்பையும் புருசனையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த மனுசிக்காக மட்டும் இராஜேஸ்வரிக்குக் கவலையாக இருந்தது.

மார்க்கம் றோட் பஸ் தரிப்பில் காற்று முகத்தை அறுத்தது. நவரட்ணம் மெல்லத் தொடங்கினார்.

“அவ்வளவு பேசியிருக்கத் தேவையில்லை.”

“நீங்கள் பேசியிருந்தா நான் ஏன் பேசுறன்? அந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்கேல்லையோ?”

அவர் பஸ் வருகிற பக்கத்தைப் பார்த்தார். பிறகு, “போன செவ்வாயே கேட்டது,” என்றார். “பிறந்தநாள் வீட்டுக்கு அண்ணை கொண்டுவந்து நிப்பாட்டேக்கை. ஒரு சிலிண்டர் செத்துப்போச்சு. மற்றதுகளும் இனிக் கன நாளைக்குத் தாங்காது.”

இராஜேஸ்வரிக்குக் காற்றுக் குளிர் மறந்துபோனது. “போன செவ்வாயோ?”

“ஓம்.”

“அண்டைக்கு இரவு படுக்கேக்கை நான் கேட்டனான், கார் எப்பிடி எண்டு. நல்ல கார் எண்டு சொன்னனீங்கள்.”

“அண்ணற்றை முகத்தை எப்பிடியப்பா முறிக்கிறது?”

“அறைக்குள்ளை அண்ணையோ படுத்திருந்தவர்? நான்தானே பக்கத்திலை படுத்திருந்தனான்!”

தரிப்பில் நின்ற ஒரு கிழவி திரும்பிப் பார்த்தாள். இராஜேஸ்வரி அதைக் கவனிக்கவில்லை. “கிங்ஸ்ரன் தாண்டி, ஒரு வெளிச்சமும் இல்லாத இடத்திலை, பின் சீற்றிலை அந்த வருத்தக்காரி படுத்திருக்க, ரெண்டு பிள்ளையளோட கார் நிண்டிருந்தா? அண்ணற்றை முகமோ வந்து தள்ளியிருக்கும்?”

“பிறகு மெல்லமாத் திருத்தலாம் எண்டு நினைச்சன்,” என்றார் நவரட்ணம்.

பத்து நாள் அவள் அவரோடு பேசவில்லை. சமைத்தாள், கோப்பையில் போட்டு மேசையில் வைத்தாள், போனாள். இடையில் வந்த வெள்ளி பழையபடி பஸ்ஸில் மொன்றியல் போய் வந்தாள். பண்டகசாலைக் கூரையைக் கடக்கிறபோது இந்த முறை பல்லைக் கடித்தது புருசனை நினைத்து.

பேர்ணடெற்றின் புருசன் இன்னொரு டீசலைச் சொன்னார். விட்பியில் இருக்கிற, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் கார், நீளமான பின் சீற். வேலைக்கு முன்னம், செவ்வாய் விடியற்காலை பார்க்கப் போனாள். கூப்பிடாமலே நவரட்ணமும் கூட வந்தார். காரின் மேல் கூரையிலும் பொனற்றிலும் ஒரே அளவாகப் பனி கிடந்தது. கிழவர் பனியைத் தட்டிவிட்டுத் திறப்பை அவளிடமே கொடுத்தார். டீசல் என்ஜின் சூடாகிறதைக் காட்டுகிற மஞ்சள் விளக்கு அணையுமட்டும் பொறுத்துத் திருகினாள். முதற் திருகலிலேயே பிடித்துக்கொண்டது.

நவரட்ணம் பொனற்றைத் திறந்து, தொப்பியைக் காதுக்கு மேலே தூக்கி, கண்ணை மூடிக் குனிந்து நின்றார். கன நேரம் நின்றார். “நல்ல என்ஜின்,” என்றார் கடைசியில். “இன்னும் பத்து வரியம் ஓடும்.”

இராஜேஸ்வரி கிழவரிடம் திரும்பி, ஆங்கிலத்தில், “இரவைக்கும் வெளியிலேயே விடுவீர்களா? நாளைக் காலையும் வந்து பார்க்க வேண்டும்,” என்றாள். கிழவர் சிரித்துக்கொண்டு சரி என்றார்.

“நான்தான் கேட்டுச் சொல்லிப்போட்டனே,” என்றார் நவரட்ணம்.

“போன முறையும் சொன்னனீங்கள்.”

அவர் பொனற்றை மெல்ல மூடினார். அடித்திருந்தாலும் அந்த முகம் அப்படிச் சிறுத்திருக்காது. அவளுக்கு இரக்கம் வரவில்லை.

புதன் விடியற்காலை அவள் தனியே போனாள். அன்றைக்குக் குளிர் இன்னும் மோசம். கார் முதற் திருகலிலேயே பிடித்தது. அவர் சொன்னது அச்சொட்டாகச் சரி. அது தெரிந்தபோது கோபம் ஆறும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆறவில்லை, இன்னும் ஏறியது. இந்தக் காதை வைத்துக்கொண்டுதானே அன்றைக்கு நல்ல கார் என்றார்.

வெள்ளி அன்று லீவு எடுத்துக்கொண்டு, வாங்கிய காரில் மத்தியானமே மொன்றியலுக்குப் புறப்பட்டாள். நவரட்ணம் டிக்கியில் பனி அள்ளுகிற சவளும் கம்பளியும் வைத்தார். சில்லுகளைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு யன்னலடியில் குனிந்து, என்ஜின் சத்தத்தை இன்னொருமுறை கேட்டுவிட்டு, ஏதாவது சொல்வாள் என்று காத்துக்கொண்டு நின்றார்.

“உங்கட காதிலை ஒரு பிழையும் இல்லை,” என்றாள் இராஜேஸ்வரி. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரை எடுத்தாள்.