சவுரிப் பூச்சி

பாக்குவெட்டியின் வாயில் தூண்டில் முள்ளைக் கவ்வக் கொடுத்து, பிடி இரண்டையும் சணலால் இறுக்கிக் கட்டினாள் ரத்தினம்மா. வெற்றிலை போடுகிறவர் யாரும் அந்த வீட்டில் இல்லாததால் பாக்குவெட்டிக்கு வேறு வேலையும் இல்லை. மீனை ஏய்க்கும் பொய்ப்பூச்சிக்கு வால்தான் முதலில் கட்ட வேண்டும், அதன் பிறகு உடம்பு, கடைசியில் கழுத்து இறகு. உடம்புக்குப் பட்டுநூல் சீனன் கடையில் கிடைத்தது. கழுத்துக்கு, சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் கோழி விற்கும் நெய்னா முகம்மது கழித்துப்போடும் சேவல் இறகு போதும். இந்த வால்தான் அவள் உயிரை வாங்கியது. தேங்காய் நாரை வைத்துப் பார்த்தாள். பக்கத்துக் கொட்டடியில் எருமை வாலிலிருந்து நாலு மயிர் பிடுங்கப்போய் உதைபடாமல் தப்பியதே பெரிய காரியம். அதுவும் தண்ணீரில் கம்பி மாதிரி விறைத்துக்கொண்டு நின்றதாம். மீன் அதைச் சட்டைசெய்யவே இல்லை என்று அவள் புருஷன் பக்கிரிசாமி வந்து சொன்னான்.

தாம்சன் ரோட்டுக்கு உள்ளே இருக்கும் நீர்த்தேக்கத்தில் பாசி அள்ளும் படகு தள்ளுவது பக்கிரிசாமிக்கு வேலை. அங்கே இஞ்சினீயர் துரை ஒருவருக்குச் சனிக்கிழமை வந்தால் மீன் பைத்தியம் பிடித்துவிடும். மண்புழு, தவளை எதையும் தொட மாட்டார். இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியைத்தான் வீசுவார். பிடித்த மீனைத் தின்னவும் மாட்டார், படகு தள்ளியவனிடம் கொடுத்துவிடுவார். சீமையிலிருந்து அவர் கொண்டுவந்த பூச்சிகளை இந்த ஊர்ப் புழுக்கமும் அந்துப்பூச்சியும் தின்று தீர்த்துவிட்டன. மிஞ்சிய ஒன்றைப் பக்கிரிசாமி வீட்டுக்கு எடுத்து வந்தான். ரத்தினம்மா அதைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துப் பார்த்தாள். எப்படிக் கட்டியிருக்கிறது என்று தெரிந்ததும் திரும்பவும் கட்டிவிட்டாள். துரை அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு இன்னும் கட்டித் தரச் சொன்னாராம்.

கொல்லைப்புறத் தகரப்பெட்டியில் பழைய துணிதான் கிடக்கிறது என்று பக்கிரிசாமி கல்யாணமான புதிதில் சொல்லியிருந்தான். அன்றைக்கு வாலுக்கு ஏதாவது கிடைக்காதா என்று அதைக் கிளறியபோது அடியில் ஒரு சவுரி அகப்பட்டது. எந்த வீட்டில்தான் சவுரி இல்லை? சீவும்போது உதிர்கிற முடியைச் சுருட்டிச் சேர்த்துக் கட்டிவைத்து, விசேஷ நாளில் பின்னலோடு வைத்துக்கொள்வதுதானே? இது முழங்கால் வரை வரும்போல் இருந்தது, நல்ல கறுப்பு. மாமியாருடையதாக இருக்கும், கடல் தாண்டி இருக்கிறவள் இதற்கா கோபித்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்து, ஒரு கொத்தை நறுக்கி வால் வைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பக்கிரிசாமி முழங்கை நீளத்துக்கு ஒரு விராலோடு வந்தான். மீனைத் திண்டில் போட்டுவிட்டு, முள்ளிலிருந்து கழற்றிய பூச்சியை உள்ளங்கையில் வைத்து அவளிடம் நீட்டினான்.

"இந்த முடி ஏது?"

"பெட்டியில ஒரு சவுரி கெடந்துது. ஒங்க அம்மாவோடதுன்னு எடுத்தேன்."

"எங்கம்மாவுக்கு ஏது இவ்வளவு முடி. இது தைலம்மையோடது."

தைலம்மை அவனுடைய முதல் தாரம். நாகப்பட்டினத்தில் இருவரும் கப்பல் ஏறினார்கள், வழியில் பேதி கண்டு அவள் போய்விட்டாள். கோணியில் சுற்றிக் கடலில் இறக்கிவிட்டார்கள். அவளுடைய பெட்டி மட்டும் அவனோடு சிங்கப்பூரில் கரையேறியது. பினாங்கில் பிறந்து வளர்ந்த ரத்தினம்மாவை அவன் இரண்டாம் தாரமாகக் கட்டியபோது, முறைப்படி தைலம்மையைத் தண்ணீரிலிருந்து அழைத்தார்கள். பூவோடும் மஞ்சளோடும் போன சுமங்கலி, பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகிவிடுகிறாள். அவளைக் கரகத்தில் அழைத்து வந்து, புதுப்புடவை படைத்து, அவள் உத்தரவு வாங்கிய பிறகுதான் அடுத்தவள் கழுத்தில் தாலி ஏற வேண்டும். ரோச்சோர் ஆற்றங்கரையில் பம்பை அடித்தார்கள், கற்பூரம் ஏற்றினார்கள். அவள் யார் மேலும் வரவில்லை. கடலில் போனவளை ஆற்றில் கூப்பிட்டால் எப்படி வருவாள் என்று பூசாரி சமாளித்துவிட்டுத் தட்சணையை வாங்கிக்கொண்டு போனார்.

"தெரியாம செஞ்சுட்டேன். இனிமே அதத் தொடல," என்றாள் ரத்தினம்மா.

பக்கிரிசாமி பூச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். "இல்ல, கட்டு," என்றான் பிறகு. "அதுலதான் இழுக்குது."

அதற்குப் பிறகு அவன் மாறிப்போனான். கல்யாணமானதிலிருந்து வாசல் கயிற்றுக்கட்டில்தான் அவனுக்குப் படுக்கை. உள்ளே வந்து படுத்ததில்லை. அவளை 'இந்தா' என்று கூப்பிடுவானே தவிர, பேர் சொல்லி அழைத்ததும் கிடையாது. அவள் அதையெல்லாம் யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள். இப்போதோ அவன் வாய் திறந்து பேச ஆரம்பித்தான். பேசியதெல்லாம் தைலம்மையைப் பற்றி. துரைக்குக் கை வலித்தால் தூண்டிற்கோலைக் கொஞ்ச நேரம் தன்னிடம் கொடுக்கிறார் என்றும், மீன் இழுக்கும்போது அந்த இழுப்பு தோள் வரைக்கும் ஏறுகிறது என்றும், தைலம்மை கிணற்றடியில் விளையாட்டாகத் தன் கையைப் பிடித்து இழுப்பது அதே மாதிரிதான் இருக்கும் என்றும் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். அந்த முகத்துக்குத்தான் ரத்தினம்மா இரண்டு வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தாள். அது வந்தது, ஆனால் அவளுக்காக வரவில்லை. அவனை இன்னொருத்தியோடு சேர்த்துக் கட்டுகிற வேலையைத் தன் விரல்களே செய்கின்றன, அதுவும் மெழுகு தடவி அவிழாத முடிச்சாகப் போட்டு.

முடியைத் தொடவும் பயமாகிவிட்டது. சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் விரலில் உப்பு வாடை போகவில்லை. நறுக்கி வைத்த கொத்து, காற்றில்லாத மத்தியானத்திலும் கை நிழல் பட்டதும் லேசாக நெளிந்தது. சோற்றில் ஒருநாள் நீளமாக ஒரு முடி வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பக்கிரிசாமி அதை விரலில் சுற்றி இடுப்பு மடியில் சொருகிக்கொண்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தான். அவளுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

நெய்னா முகம்மதுவின் பெண்சாதி ஜரீனாவிடம் ஒருநாள் இறகு பொறுக்கும் சாக்கில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஜரீனா கேட்டுவிட்டு, "மவுத்தானவங்க முடிய இப்படி அறுத்து அறுத்துத் தண்ணியில வீசுனா அந்தப் புள்ள எப்படிப் படுக்கும்? மண்ணுல வச்சு மூடிடு புள்ள," என்றாள். அது மனசுக்குச் சரியாகப் பட்டது. எருமைக்கொட்டடிக்குப் பின்னால் வேலியோரம் குழி தோண்டி, மிச்சமிருந்த சவுரியை மஞ்சள் துணியில் சுற்றி, ஒரு முழம் மல்லிகையும் வைத்து மூடினாள். என்னை மன்னித்துக்கொள் அக்கா, அவரை விட்டுவிடு என்று வாய்விட்டே சொன்னாள். எருமை ஒன்று திரும்பிப் பார்த்துவிட்டு அசைபோடத் தொடங்கியது.

சனிக்கிழமைக்குப் பூச்சி வேண்டுமே. கொண்டையை அவிழ்த்து, பிடரியில் வெளியே தெரியாத இடமாகப் பார்த்து ஒரு கொத்தை நறுக்கினாள். அதில் வால் கட்டினாள். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அவள் கணக்கு வேறாக இருந்தது. இதிலும் மீன் கடிக்கும், அவனும் வந்து தைலம்மை இழுத்தாள் என்பான். அப்போது சொல்ல வேண்டும், இழுத்தது என் முடி, தண்ணீரில் யாரும் இல்லை, உன்னோடு இருப்பவள் நான் என்று. சொல்ல வேண்டியதை அடுப்படியில் நின்று பலதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அன்று அவன் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தான். கையில் மீன் இல்லை. தெருக்குழாயடிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அறுத்துக்கிட்டுப் போயிட்டா."

ரத்தினம்மா கையிலிருந்த குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.

"தொரை கோலை எங்கையில கொடுத்தாரு. பூச்சி விழுந்த ஒடனே புடிச்சா. இத்தனை நாளா இழுத்த இழுப்பு இல்ல அது. உசுரோட இருக்கறவ இழுக்கற மாதிரி. படகு சாயுது. என்னையும் கூட்டிக்கிட்டுப் போறதுக்குத்தான் வந்திருக்கான்னு தெரிஞ்சுபோச்சு. போகலாம்னுதான் எந்திரிச்சு நின்னேன். நீ இங்க சோறாக்கி வச்சுக்கிட்டுக் காத்திருப்பியேன்னு நெனப்பு வந்துது. போதும், நீ போயிடும்மான்னு சொன்னேன். நூலு அறுந்துபோச்சு."

சொல்லிவிட்டு அழுதான். கப்பலில் அழாதவன், இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அழாதவன், தெரு பார்க்க அழுதான். மாட்டு வண்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். ரத்தினம்மாவுக்கு ஓடிப்போய் அவன் தலையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இழுத்தது தன் முடி என்பதை அவனிடம் சொல்லக் கூடாது. இப்போது சொன்னால் அவன் திரும்பவும் ஏரிக்குப் போய்விடுவான். தைலம்மை இன்னும் போகவில்லை என்று தேடத் தொடங்கிவிடுவான்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டையைக் கழற்றினான். கப்பலிலிருந்து அவளைக் கடலில் இறக்கியபோது குளிக்கத் தண்ணீர் கொடுக்கவில்லை, கடல் தண்ணீரைத் தான் தொடவில்லை, கரையேறிய பிறகு முழுக மனசு வரவில்லை என்றான். அவளுக்கு இன்றுதான் செத்த முழுக்கு முழுகப் போகிறேன் என்றான். கிழக்குப் பார்த்து உட்கார்ந்து கையைக் கூப்பிக்கொண்டான்.

"ரத்தினம், ஊத்து."

முதல் தடவையாக அவள் பேர். குடத்தைத் தூக்கினாள். இவன் யாருடைய முடிக்கு முழுகுகிறான் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஏரியின் அடியில், இருட்டில், ஒரு விராலின் வாயோரத்தில் அவளுடைய முடி அசைந்துகொண்டிருக்கும். பிடரியில் நறுக்கிய இடத்தில் சுரீரென்று யாரோ பிடித்து இழுத்தாற்போல் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

குடத்தைச் சாய்த்தாள். அவன் தலையில் விழுந்து, தோளில் வழிந்து, தண்ணீர் தரையில் பரவி அவள் பக்கமாக வந்தது. செத்தவர்களுக்கு முழுகிய தண்ணீர், உயிரோடு இருப்பவர்கள் மிதிக்கக் கூடாது, தள்ளி நிற்க வேண்டும். அது அவள் கால்விரல்களை நனைத்து, மெட்டியைச் சுற்றிக்கொண்டு, சாக்கடைப் பக்கம் ஓடியது. அவள் நின்ற இடத்திலேயே நின்று அடுத்த குடத்தை எடுத்தாள்.