மைனி வைத்த பத்தியம்

வேல்விழியைப் பார்த்தால் எமனுக்குக்கூட இரக்கம் வந்திருக்கும், அவள் மைனி என்று கூப்பிடும் நாத்தனார் சீனித்தாய்க்கு மட்டும் வரவே இல்லை. டயாலிசிஸ் தொடங்கி ஒன்றரை வருஷமாக மூன்று வேளையும் உப்பில்லாத ஜவ்வரிசிக் கஞ்சிதான். ஒரு முட்டை கேட்டால், "கிட்னி போனவளுக்கு முட்டை விஷம்ளா" என்று வாயை அடைத்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் எடை பார்த்தால் குறையவே இல்லை. அதனால் புருஷன் சுடலைராஜும் அக்கா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான்.

எப்போதும் துணைக்கு வரும் சீனித்தாய் அன்று வரவில்லை. தூத்துக்குடிக்குப் பக்கத்திலிருக்கும் புதுக்கோட்டையிலிருந்து வேல்விழி தனியாகத்தான் பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு யோசனை சொல்கிற ரேச்சல் அவள் புஜத்தைப் பிடித்துப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"எடையெல்லாம் வெறும் நீரு, வேல்விழி. உள்ள சதையே இல்ல. டயாலிசிஸ் ஆரம்பிச்சாச்சு, இனிமே முட்டை, மீன் கட்டாயம் குடுக்கணும்னு ஒங்க மைனிகிட்ட அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இப்படியே போனா உயிர் தங்காது."

வேல்விழிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தம்பி சுடலைராஜுக்கு இரண்டாந்தாரமாக ஆழ்வார்திருநகரியில் சீனித்தாய் ரகசியமாகப் பெண் பேசுவது அவளுக்குத் தெரியும். தன் சாவுக்கே நாள் குறித்திருக்கிறாள், சண்டாளி, என்பது இப்போதுதான் விளங்கியது. சாகமாட்டேன், அவள் மூஞ்சியில் கரி பூசாமல் சாகவே மாட்டேன் என்று பல்லைக் கடித்தாள்.

அதன்பிறகு துணை வேண்டாமென்று தனியாகவே போய்வந்தாள். டயாலிசிஸ் முடிந்ததும் மெஸ்ஸில் மீன் சாப்பிட்டாள். மறுநாளுக்கு அவித்த முட்டையை முந்தியில் முடிந்து கொண்டுபோனாள். எல்லாம் ரேச்சல் சொன்ன அளவுதான். வீட்டுக் கஞ்சியையும் விடவில்லை. நாலு மாதத்தில் கையில் பிடிக்கச் சதை இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஆழ்வார்திருநகரிப் பெண்ணின் அம்மா வீடு பார்க்க வந்தாள். சீனித்தாய் அவளுக்குச் சீலா மீன் குழம்போடு இலை போட்டாள். அறைக்குள்ளேயே கிடக்கச் சொல்லப்பட்டிருந்த வேல்விழி, பட்டுச் சேலை கட்டி வந்து பக்கத்து இலையில் உட்கார்ந்தாள்.

"இது ஆரு?" என்று எதிரே நின்ற சுடலைராஜைக் கேட்டாள் வந்தவள்.

"இவிய பொஞ்சாதி," என்று வேல்விழியே முந்திக்கொண்டாள். " ஒரு மாசம் தாங்கமாட்டான்னு சொல்லியிருப்பாவளே, அது நாந்தான். நான் சாகட்டும்னு ரெண்டு வருசமா மைனி வெறுங்கஞ்சி ஊத்துனாவ. நாளைக்கு ஒங்க மவ படுத்தாலும் இந்தக் கைதான் சோறு போடும். யோசிச்சுக்கிடுங்க."

வந்தவள் இலையை மூடிவிட்டு எழுந்தாள். சுடலைராஜ் பின்னாலேயே ஓடினான். வாசலில் அவள் காறித் துப்பியது உள்ளே கேட்டது.

சீனித்தாய் கரண்டியும் கையுமாக நின்றாள்.

"அந்த நடுத்துண்டை இங்கன வையுங்க மைனி," என்றாள் வேல்விழி. "முள்ளையும் எடுத்துருங்க. நான் ரொம்ப நாள் இருக்கணும்லா."