இன்னொரு கால்

சிவசக்தி கதிர்காமத்துக்கு நடக்கக் கிளம்பியது முருகனுக்காக அல்ல, உடம்பைக் குறைக்க. பண்டாரவளையில் வங்கி வேலை. உட்கார்ந்து உட்கார்ந்தே ஊதிப்போனவள். டாக்டர் நடக்கச் சொன்னார். தனியாக நடக்கச் சோம்பல்பட்டு, ஆடி மாதப் பாத யாத்திரைக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டாள். உடம்பில் மஞ்சள் சேலை, கையில் அடி எண்ணுகிற கடிகாரம். நல்ல பக்தை, போங்கள்!

இரண்டாம் நாள், கொஸ்லந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் கூட்டம் இளைப்பாறியது. கொழுந்து பறிக்கிற ரெங்கம்மா மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வந்து சிவசக்தியின் முன்னால் குந்தினாள்.

“சாமி, கால நீட்டுங்க.”

யாத்திரை போகிறவர்கள் எல்லோரும் அங்கே சாமிதான். சிவசக்திக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது.

“என்ன நேர்த்திக்கடன் சாமி?” வலது காலைக் கழுவிக்கொண்டே ரெங்கம்மா கேட்டாள்.

இளைக்க வந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? “மகனுக்குக் காலு வெளங்கல. நடக்க மாட்டான்” என்று உளறிவிட்டாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன செய்ய?

“ஐயோ, எம் மகளுக்கும் அதேதான் சாமி!”

அந்த நேரம் பார்த்தா ஃபோன் அலற வேண்டும்? வீடியோ அழைப்பு. பதற்றத்தில் விரல் பட்டுத் திறந்துகொண்டது. மகன் அஜந்தன் மட்டையோடு முற்றத்தில் துள்ளினான். “அம்மா, சிக்ஸ் அடிச்சேன்!” வெடுக்கென்று ஃபோனை அணைத்தாள். ரெங்கம்மா பார்த்துவிட்டாள்.

“ஓடுறானே! கதிர்காமத்தானே, பாதி வழியிலயே கேட்டுட்டியா!”

உள்ளே ஓடியவள் எட்டு வயது மகளைத் தூக்கி வந்து சிவசக்தியின் மடியில் இருத்தினாள். சூம்பிய கால்கள் தொங்கின. “ஒங்க கையால திருநீறு பூசி விடுங்க சாமி. ஒங்க மகனுக்குக் குடுத்தவன் இவளுக்கும் குடுப்பான்.”

சிறுமி கண்ணை மூடி நெற்றியைக் காட்டினாள். சிவசக்திக்குக் கை எழவில்லை. பூமி பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

“அக்கா, எம் மகனுக்கு ஒண்ணுமே இல்ல. எப்பவும் இருந்ததில்ல. நான் எளைக்கத்தான் நடக்குறேன். வெக்கத்துல பொய் சொல்லிட்டேன்.”

ரெங்கம்மா கத்தவில்லை. மகளை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“எளைக்க நடந்தா என்ன வெக்கம்? நல்லாருக்குற புள்ளைய எதுக்கு முடக்கிப் போட்ட?”

‘சாமி’ என்ற அழைப்பு போயிற்று. ‘நீங்க’ என்ற மரியாதையும் போயிற்று. சிவசக்தி எழப் பார்த்தாள்.

“ஒக்காரு. இன்னொரு கால நீட்டு. பாதியில விடக்கூடாது.”

நீட்டினாள். ரெங்கம்மா தண்ணீரை ஊற்றித் தேய்த்தாள். மடியிலிருந்த சிறுமி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.