கோட்டுப் பையில் இருந்த மாத்திரைகள்

என் வீட்டுக்காரர் குடியை விட்டவர். இதைச் சொன்னால் போதும், கேட்பவர் முகம் மலர்ந்துவிடும். "நீ கொடுத்து வச்சவம்மா" என்பார்கள். அவர் குடித்த காலத்தில் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்த்ததில்லை. விட்ட பிறகு வாழ்த்துச் சொல்ல மட்டும் வரிசை கட்டி வந்தார்கள். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனாலும் பல்லைக் காட்டி வைத்தேன்.

எங்களுக்கு டிரைகிளீனிங் கடை. முன்பக்கம் நான், பின்பக்கம் ஸ்டீம் பிரஸ்ஸில் துணி தேய்க்க அவர். துணி வந்ததும் பைகளைத் துழாவுவது என் வேலை. கிடைத்ததை ஒரு சின்னக் கவரில் போட்டு, டோக்கனோடு சேர்த்துக் காலரில் குத்திவிடுவேன். சாவி, சினிமா டிக்கெட், ஒரு தடவை பல்செட்டுகூட வந்திருக்கிறது. எதுவானாலும் உரியவர் கைக்குப் போய்விடும். என் கடையில் இதுவரை ஒரு பொத்தான் தொலைந்தது கிடையாது.

அப்படிப்பட்ட கடையில் வந்து நின்றுகொண்டு ஒரு வக்கீல் கேட்டார், "ஏம்மா, உள்பையில தூக்க மாத்திரை அட்டை ஒண்ணு இருந்துச்சே, காணோமே?"

எனக்குச் சுரீரென்றது. அந்த அட்டையைக் கவரில் போட்டவளே நான்தான். கவரில் இப்போது பேனா மட்டும் இருந்தது. "ஒரு நிமிஷம் இருங்க சார்" என்று பின்பக்கம் போனேன்.

தீய்ந்த வாடை அடித்தது. பிரஸ்ஸுக்குள் யாருடைய கோட்டோ கருகிக்கொண்டிருக்கிறது, அதன் பக்கச் சட்டத்தில் சாய்ந்தபடி என் மனுஷன் நின்றுகொண்டே தூங்குகிறார்! சூட்டுத் தட்டுக்கு இரண்டு விரற்கடை தள்ளி இருந்ததால் கை தப்பித்தது. "அடப்பாவி மனுஷா!" என்று அவரைப் பின்னால் இழுத்துச் சுவிட்சை அணைத்தேன். இழுத்த வேகத்தில் அவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டைகள் கீழே கொட்டின. ஒன்றல்ல. வேறு வேறு நிறத்தில், வேறு வேறு ஆட்களுடையவை.

"என்னங்க இது?"

கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நான் குடிக்கலையே" என்றார். "வேணும்னா ஊதட்டுமா?"

அங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. குடியை விட்ட நாளிலிருந்து, கடை சாத்தும்போதெல்லாம் அவரை வாயை ஊதச் சொல்லி மோந்து பார்ப்பேன். அவரும் நல்ல பிள்ளை மாதிரி ஊதுவார். ஊரார் பையையெல்லாம் துழாவுகிறவள், கட்டின புருஷன் பையில் கைவிடவில்லை. மோந்து பார்த்தால் போதும் என்று இருந்துவிட்டேன். மாத்திரைக்கு ஏது வாடை?

வக்கீலிடம் பாதி காலியான அட்டையை நீட்டி, "தப்பு எங்களோடது சார்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஷட்டரை இறக்கிவிட்டு இவரை ஸ்டூலில் உட்கார வைத்தேன்.

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. குடியை நிறுத்தியபோது, நடுக்கம் வராமலிருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைதான் ஆரம்பம். கொஞ்ச நாளைக்குத்தான், குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த வேண்டும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவர் குறைக்கவில்லை, கூட்டினார். பழைய சீட்டைக் காட்டி வாங்கினார். மருந்துக் கடைக்காரர் புதுச் சீட்டு கேட்டதும், காலரில் நான் குத்திவைத்த கவர்களைப் பிரிக்க ஆரம்பித்திருக்கிறார்.

"மாத்திரை கிடைக்காத அன்னிக்கு?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு மடக்கு. ரெண்டே மடக்கு. சில நாள் மாத்திரை பத்தாம அதோட சேர்த்தும். தூங்கணும்ல?"

"அதையும் இதையும் சேர்த்தா மூச்சே நின்னுடும்னு அந்தம்மா சொன்னது காதுல விழலையா?" கடை முழுக்க அடிக்கும் டிரைகிளீனிங் மருந்து நெடியில் அந்த இரண்டு மடக்கும் என் மூக்குக்குத் தப்பியிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று சொன்னேன். இவர் என்ன செய்தார் தெரியுமா? அக்காவுக்குப் போன் போட்டு அழுதார். என் நாத்தனார் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். வீட்டுக்குள்ளும் விசில் ஊதாத குறையாகத்தான் நடப்பார். எங்கள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அத்தனை அட்டையையும் பிய்த்துக் கக்கூஸில் கொட்டித் தண்ணீரை ஊற்றினார்.

"குடியையே விட்டவன் நீ. உனக்கு இதெல்லாம் ஒரு விஷயமாடா? இன்னியோட முடிஞ்சுது!"

"ஆமாக்கா. சத்தியமா முடிஞ்சுது" என்று இவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அண்ணி, இதைப் பட்டுனு நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"நீ செல்லம் கொடுத்துக் கொடுத்துத்தான் இவன் இப்படி ஆனான்" என்றார் நாத்தனார். அட, இது நல்ல கதையாக இருக்கிறதே! குடித்தாலும் நான் காரணம், மாத்திரை போட்டாலும் நான் காரணம். இரண்டு பேரும் ஒரு கட்சி ஆனபிறகு நான் எங்கே பேசுவது? வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு மூடியதுதான் கடைசி.

மறுநாள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. டம்ளரைப் பிடித்தால் பாதித் தண்ணீர் சட்டையில். அதற்கு அடுத்த நாள், வீட்டுப் பின்பக்கம் யாரோ தன்னைக் கூப்பிடுவதாகச் சொல்லிக் காதைப் பொத்திக்கொண்டார். நாத்தனார் பக்கத்திலேயே உட்கார்ந்து, "தாங்கிக்கடா, ஆம்பளையா இருடா" என்று தெம்பு சொல்லிக்கொண்டிருந்தார். நான் யாரையும் கேட்காமல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"உடனே எந்த ஆஸ்பத்திரி பக்கமோ அங்க கூட்டிட்டுப் போங்க" என்று பதறினார் அவர். "இதைத் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதையும் ஊத்தாதீங்க. அங்க போய் எல்லாத்தையும் மறைக்காம சொல்லுங்க."

டாக்ஸிக்குச் சொல்லிவிட்டு வந்தால், நாத்தனார் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார். "திரும்பவும் மாத்திரை போடவா கூட்டிட்டுப் போறே? அவன் திருடித் தின்னது வெளியே தெரிஞ்சா என் தம்பி மானம் என்ன ஆகும்?"

"மானத்தை வச்சு நாம என்ன அண்ணி பண்றது, அவர் போய்ட்டா? நகருங்க."

நகரவில்லை. அப்போது பின்னால் தொப்பென்று சத்தம். அவர் தரையில் விழுந்து, கை கால் வெட்டி வெட்டி இழுக்க, கண் மேலே செருகிக் கிடந்தார். நாத்தனார் அலறிக்கொண்டு செம்புத் தண்ணீரோடு ஓடிவந்தார். அந்தச் செம்பை ஒரே தட்டாகத் தட்டிவிட்டு அவரை ஒருக்களித்துப் போட்டேன். பெரியவரை எதிர்த்துக் கை நீட்டியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

இழுப்பு நின்றதும் டாக்ஸிக்காரரும் நானும் தூக்கிக்கொண்டு ஓடினோம். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஓர் இளவயது டாக்டர். கூடவே வந்த நாத்தனார் எனக்கு முன்னால் முந்திக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல டாக்டர். காலைல சாப்பிடல, மயங்கி விழுந்துட்டான்."

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறாரா? பழக்கம் ஏதாவது?"

"ஐயோ, அவன் குடியை விட்டுப் பல வருஷம் ஆச்சு. தங்கமான பையன்."

கட்டிலில் அவர் கண் திறந்திருந்தார். என்னையே பார்த்தார். சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிற பார்வை. ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று டாக்டர் நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அனுப்பினால் அடுத்த வலிப்பு வீட்டில் வரும், இல்லை பிரஸ் பக்கத்தில் வரும். இவரை நான் திரும்பக் கொண்டுவர முடியாமல் போகும்.

"டாக்டர், அவங்க சொல்றது அத்தனையும் பொய்" என்றேன். வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும். "இவர் தூக்க மாத்திரைக்கு அடிமை. எங்க கடைக்குத் துணி போடுறவங்க பையிலேர்ந்து திருடித் திருடித் தின்னாரு. அது கிடைக்காத அன்னிக்குக் குடிச்சாரு, சில நாள் ரெண்டையும் சேர்த்தே. முந்தாநாள் எல்லாத்தையும் கக்கூஸ்ல கொட்டி ஒரேயடியா நிறுத்திட்டாங்க. இப்ப விழுந்தது மயக்கம் இல்ல, வலிப்பு. என் கண்ணால பார்த்தேன்."

டாக்டரின் முகமே மாறிவிட்டது. நாலைந்து பேர் ஓடிவந்தார்கள், ஊசி போட்டார்கள், படுக்கையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். நாத்தனார், "குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்திட்டியேடி" என்று தலையில் அடித்துக்கொண்டார். "ஆமாம், நிறுத்திட்டேன்" என்றேன். "நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க அண்ணி."

மாலையில்தான் அவரைப் பார்க்க விட்டார்கள். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும், குடியை ஒரு சொட்டும் தொடக் கூடாது, மாத்திரை என் கையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவர் கை நடுக்கம் அடங்கியிருந்தது.

"அத்தனை பேர் முன்னாடி திருடன்னு சொல்லிட்டே" என்றார். "குடிச்சப்பகூட நான் இவ்வளவு அசிங்கப்பட்டதில்ல. செத்தாலும் உன்னை மன்னிக்க மாட்டேன்."

எனக்கு வலித்தது. வலிக்காது என்று சொல்ல நான் என்ன மரமா? ஆனால் மன்னிப்புக் கேட்கிற எண்ணம் துளியும் வரவில்லை.

"மன்னிக்க வேணாம். வெறுத்துக்கோங்க" என்றேன். "எத்தனை வருஷம் வேணும்னாலும் வெறுத்துக்கோங்க. ஆனா உசுரோட இருந்து வெறுக்கணும். அதுக்குத்தான் உங்களை இங்க கொண்டுவந்து போட்டிருக்கேன்."

அவர் வெடுக்கென்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் நாற்காலியைக் கரகரவென்று இழுத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றிப் போய், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் போட்டு, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன்.