விடாமலும் விட்டுவிட்டும்

1951ஆம் ஆண்டு ஆடி மாதம். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தம்பு மாஸ்டர் பிரசாவுரிமை விண்ணப்பப் பாரங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். இந்திய வம்சாவளியினர் இந்த நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததைக் காட்டினால்தான் குடிமக்கள் ஆகலாம். கடைசித் திகதி நெருங்கிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்தவரை, லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் சனம் இதற்காகத்தான் இப்போது தேடி வந்தது. அன்றைக்கு அது முப்பத்தோராவது பாரம். விரல்கள் மரத்துப் போயிருந்தன.

எதிரே ராக்காயி நின்றாள். கொழுந்து பறிப்பவள், புருசனை இழந்தவள்.

"இந்தியாவுக்குப் போனனீங்களோ?"

"ஒருக்கா போனேங்க, முப்பத்தெட்டுல. அம்மா படுத்த படுக்கையா கெடந்துச்சு. எட்டு மாசம் இருந்து அடக்கம் பண்ணிட்டுத் திரும்பிட்டேன்."

மாஸ்டரின் பேனா நின்றது. இந்த நாட்டில் அவள் தொடர்ந்து வாழ்ந்தாள் என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எந்தத் 'தொடர்ந்து'? கன்டினியுவஸ்லி என்றால் ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. கன்டினியுவலி என்றால் விட்டுவிட்டு, ஆனாலும் ஓயாமல். காலையிலிருந்து விடாமல் கொட்டும் மழைக்கு முதலாவது. நாள் முழுக்க வந்து வந்து போகும் மழைக்கு இரண்டாவது. எட்டு மாதத்தை மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. மேலே யோசிக்கத் தெம்பும் இல்லை. இரண்டாவதையே எழுதினார். ராக்காயி கைநாட்டு வைத்தாள்.

மூன்று வருடம் கழித்து அட்டன் நகரில் விசாரணை. மாஸ்டர் லீவு போட்டுவிட்டு அவளுடன் போனார். அதிகாரி அந்தச் சொல்லின் கீழ் பென்சிலால் கோடிட்டார்.

"அப்படியானால் இவள் அடிக்கடி போய் வந்தவள்."

"இல்லை ஐயா, ஒரே ஒரு தடவை. அந்தச் சொல் என்னுடையது."

"பாரம் அவளுடையது" என்றார் அதிகாரி.

அடுத்த மாதம் மறுப்புக் கடிதம் பள்ளிக்கூட முகவரிக்கு வந்தது. மாஸ்டர் அதை எடுத்துக்கொண்டு லயத்துக்கே போனார். ராக்காயி அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி, வாசலில் உட்கார்ந்து காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"பிழை என்ரை, ராக்காயி. நான் எழுதின ஒரு சொல்லாலை வந்தது" என்று சொல்லி, மழையையே உதாரணம் காட்டி அவளுக்கும் விளக்கினார்.

அவள் கடைசிவரை கேட்டாள். "பெத்தவள அடக்கம் பண்ணப் போனதுக்குன்னு ஒரு சொல்லு இல்லீங்களா அந்தப் பாசையில?"



அந்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் மேன்முறையீடு எழுதினார். 'தொடர்ந்து' என்ற பேச்சே அதில் இல்லை. எந்த வருடம் எந்த லயம், எந்த மலையில் கொழுந்து, எந்தப் பிள்ளை எப்போது பிறந்தது, கப்பல் ஏறியது எப்போது, இறங்கியது எப்போது என்று நாலு பக்கம்.

ஒரு வருடத்துக்கு மேற்படாத பயணத்தைச் சட்டம் இடைவெளியாகக் கணக்கெடுப்பதில்லை; ஐம்பத்தாறில் ராக்காயிக்குப் பிரசாவுரிமை கிடைத்தது. பத்திரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"சந்தோசந்தானுங்களே, மாஸ்டர்?"

"ஓம்" என்றார். பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அதே சொல்லை அவர் இன்னும் பதினொரு பேருக்கு எழுதியிருந்தார். நாலாவது ஆளின் மேன்முறையீடு பாதியில் கிடந்தது. பேனாவில் மை ஊற்றிக்கொண்டார்.