வரப்பில்லாத ஊர்

கிருஷ்ணகிரி அணை எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே கல் வண்டி ஓட்டப் போன நான், சரோஜம்மாளைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குத் திரும்பினேன். அவள் அப்பா பிச்சாவரத்துக் கடலோரச் சேற்றுக் காட்டுப் பக்கமிருந்து மண் வேலைக்கு வந்தவர். சேற்றில் வளர்ந்த பெண், நடவுக்கு ஆயிற்று என்று நினைத்தேன்.

நட்ட கொஞ்ச நாளிலேயே நாற்றை நண்டு கத்தரித்துப் போட்டது. எனக்கு வந்ததே கோபம்! வளைக்குள் கொக்கிக் கம்பியை விட்டேன். அவள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் மாமா! எங்க சுரபுன்னைக் காட்டுக்கு நண்டுதான் உசுரு. உதிர்ந்த எலைய வளைக்குள்ள இழுத்துட்டுப் போயித் தின்னும். அது கழிக்கறது மரத்துக்கு எரு. வளை இருந்தாத்தான் சேத்துக்குள்ள காத்து போவும்."

"அங்க மரம் வாழ, இங்க என் நாத்து சாவணுமா?"

"பசிச்சதுனால கடிக்குது. எலையப் போட்டுப் பாருங்க."

பேச்சோடு நிற்கவில்லை. பொழுது சாய்ந்ததும் கூடை கூடையாகப் புங்கஞ்சருகைக் கொண்டுவந்து வரப்போரம் கொட்டினாள். விடிந்து பார்த்தால் சருகில் பாதியைக் காணோம். நாற்று அப்படியே நிற்கிறது! பிறந்ததிலிருந்து நண்டை எதிரி என்றே பார்த்தவன் நான். இனி அதற்குப் படையல் போடுவதா?

கீழ்வயல் திம்மப்பன் சும்மா இருப்பானா? "ஏன்டா வெங்கடப்பா, நண்டுக்கு மாமியார் வூட்டு விருந்தா? நண்டு கொழுத்தா வளையில இருக்காதுடா!" என்று சிரித்தான். நான் அவனைத் திட்டினேன். திட்டிக்கொண்டே அவன் சொல்வதும் சரிதானோ என்று குழம்பினேன். ஆனாலும் கொக்கியை மறுபடி கையில் எடுக்கவில்லை.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. ஏரியில் கிடந்த கடைசித் தண்ணீரை மதகு பார்க்கும் முனிராஜ் முறை வைத்து விட்டான். மழை வரும்வரை பயிருக்கு அதுதான் உயிர். வயல் நிரம்பியதைப் பார்த்து நிம்மதியாகக் களி உருண்டையை வாயில் வைத்தேன். சருகு தின்று பெருத்த நண்டுகள் துளைத்த இடத்தில் வரப்பு பொளக்கென்று உட்கார்ந்தது. தண்ணீர் திம்மப்பன் வயலுக்குப் பாய்ந்தது.

"பாழாப்போச்சுடி! உன் காட்டுக்கே போய்ச் சேரு!" என்று கத்தினேன்.

அவள் ஓடிப்போய் உடைப்பின் நடுவே சேற்றில் உட்கார்ந்து, முதுகைக் கொடுத்துத் தண்ணீரைத் தடுத்தாள். நான் புல்லோடு மண்ணை வெட்டி வெட்டி அவளைச் சுற்றி அடைத்தேன். அழுதுகொண்டே சொன்னாள்:

"எங்க ஊர்க் காட்டுல வரப்பே கெடையாது மாமா. தண்ணி தானா ஏறும், தானா வத்தும். தண்ணியப் புடிச்சு வெக்கணும்னு எனக்குத் தெரியலையே."

மண்வெட்டி என் கையில் அப்படியே நின்றது. இது எனக்கு ஏன் முன்பே உறைக்கவில்லை?

பாதித் தண்ணீராவது மிஞ்சியது. மறுநாள் அவளே கொக்கியை எடுத்து வரப்பு நண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்தாள். சட்டியில் போட்டுத் தென்பெண்ணைக் கரைக்குத் தூக்கிப் போனாள். கூடவே ஒரு கூடைச் சருகு. அதைச் சுமந்தவன் நான். நண்டு நல்லதா கெட்டதா, எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கடைசி நண்டையும் விட்டுவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டாள்: "என்னையும் போவச் சொன்னீங்களே?"

நான் சருகைக் கரையில் கொட்டிவிட்டு நிமிர்ந்தேன்.

"நீ போயிட்டா வரப்புக்கு முதுகு குடுக்க யாருடி இருக்கா? சட்டிய எடு, வூட்டுக்குப் போவலாம்."